கிட்டார் கட்டையின் பூர்வீகம்

நதிமூலம் ரிஷிமூலம் விசாரிக்கக் கூடாது என்பார்கள். கிட்டார் மூலத்தைப் பற்றி எந்தப் பெரியவரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் நான் ஒரு சிவப்புக் கட்டையைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டேன்.

மரக்காணத்தில் ஈசிஆர் ரோட்டின் மேல் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. இந்தக் காற்றில் எந்த மோட்டாரும் நிம்மதியாக இருந்ததில்லை. எரிந்த காயிலைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்தால் அடுத்த சீசன் வரை ஓடும். கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சி" என்று ஒரே வசனத்தைச் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

கோபத்தை விட்டால் எனக்கிருந்த இன்னொரு கெட்ட பழக்கம் கிட்டார். ஐடிஐ படிக்கும்போது ஒரு லைட் மியூசிக் குழுவில் சேர்ந்து திருவிழா, ரிசப்ஷன் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். குழு கலைந்ததும் இரவல் கிட்டார் உரியவரிடம் போய்விட்டது. சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்ற ஆசை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

பொம்மையார்பாளையத்தில் ஒரு பழைய சாமான் கடை உண்டு. ஆரோவில்லில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள் கழித்துக் கட்டுகிற கட்டில், பீரோ, சைக்கிள் எல்லாம் அங்கே வந்து சேரும். ஒரு மோட்டாரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அங்கே அந்தக் கட்டையைப் பார்த்தேன். கிட்டாரின் உடம்பு மட்டும். கழுத்து இல்லை, கம்பி இல்லை. மேலே மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு வளைவு, ரத்தச் சிவப்பில் பெயிண்ட். கம்பியின் அதிர்வை வாங்குகிற காயில்கள் உட்காரும் குழிகள் காலியாக இருந்தன. காயில்தானே, அதை நான் சுற்றிக்கொள்ள மாட்டேனா என்று மனசு துள்ளியது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அமெரிக்கா பீஸ் தம்பி, இந்த மாதிரி மறுபடி வராது" என்றார். அவ்வளவுதான், தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஊர் சும்மா இருக்குமா? மீன் வெட்டுகிற பலகையா என்று ஒருத்தர் கேட்டார். சோபாவோட கை என்று எதிர் டீக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். கக்கூஸ் மூடி என்று ஒரு லாரி டிரைவர் சொன்னதற்கு அவருடைய மோட்டாரை வேண்டுமென்றே கடைசியாக எடுத்தேன்.

இந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டிச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அவள் அப்பாவுக்கு இங்கே கொஞ்சம் உப்பளம். ஒருநாள் லீவில் ஷேர் ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து என் கடையில் இறக்கினாள். நேற்று வரைக்கும் நல்லா ஓடியதாகச் சொல்லவில்லை. "எங்கப்பா தண்ணி இல்லாம ஓட வுட்டுட்டாரு, எரிஞ்சிடுச்சி" என்றாள். என் சர்வீஸில் அப்படி ஒரு உண்மையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். அவளும் ஏதோ ஒரு காரணத்துக்காக விழுந்தாள். என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். உள்ளே கிராமத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. அண்ணன் ஊரிலேயே பயிர் வைத்துக்கொண்டிருக்க, தம்பியான இவர் பாகம் பிரிந்து வந்து உப்பளம் எடுத்து மரக்காணத்திலேயே தங்கிவிட்டவர். பாகம் பிரிந்தாலும் அண்ணன் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட விற்க மாட்டார்கள் என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கலர் வாங்கிக் கொடுத்தேன். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தம்பிக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எங்கள் பக்கம் சாதாரணமான கேள்வி. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் மற்றது தானாகத் தெரிந்துவிடும். எனக்கு முதல் கேள்விக்கே விடை கிடையாது. என் அப்பா உப்பு ஏற்ற வந்த ஒரு லாரியில் கிளீனராக வந்து இங்கே இறங்கிக்கொண்டவர். எங்கே ஏறினார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் "ரோட்டுலதான்" என்பார், முடிந்தது பேச்சு. அம்மா பாண்டிச்சேரியில் ஒரு இல்லத்தில் வளர்ந்தவர். தன்னை யார் அங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்பது அவருக்கே தெரியாது. அப்பா போன பிறகு நானும் அம்மாவும்தான். எங்களைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்பதே யாருக்கும் தெரியாது.

கண் சுவரில் போய் நின்றது. வாய் சும்மா இருந்திருக்கலாம். "அது அமெரிக்காங்க" என்றேன்.

மனிதர் என் ஊரைக் கேட்கிறார், நான் கிட்டாரின் ஊரைச் சொல்கிறேன். நல்லவேளை, அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கட்டையைப் பார்த்தார்.

"யாரு சொன்னா அமெரிக்கான்னு?"

"வித்தவரு சொன்னாருங்க."

"ஏம்பா, மாடு வாங்கப் போனா மாட்டுக்காரனைக் கேக்க மாட்டோம். பக்கத்து ஊட்டுக்காரனைத்தான் கேப்போம். விக்கறவன் சொன்னான்னு நம்பிட்டியா?"

சொல்லிக்கொண்டே கட்டையை ஆணியிலிருந்து கழற்றினார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்து அதன் விளிம்பை நக்கினார்.

உப்பளத்துக்காரர்களுக்கு நாக்குதான் முதல் கருவி. பாத்தித் தண்ணீர் முற்றிவிட்டதா, எந்தப் பாத்தி உப்பு என்பதையெல்லாம் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கிட்டாரை ஒருவர் நக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடி யோசித்தார். முகம் மாறிப்போனது.

"இது கடல்ல கெடந்த மரம்பா. உப்பு உள்ள ஏறியிருக்குது. எந்தக் கப்பல் ஒடஞ்சி வந்துச்சோ, யாரு உசுரு போச்சோ."

கடல் ஒதுக்கிய பொருள், அதுவும் உடையவன் யாரென்று தெரியாத பொருள், தன் பெண் காலெடுத்து வைக்கிற இடத்தில் இருக்கக் கூடாது என்றார். முதலில் அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று விசாரித்துச் சொல், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கலர் அப்படியே இருந்தது. பெண்ணைப் பெற்றவர் கை நனைக்காமல் போகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கோபத்தில் அந்தக் கலரை நானே குடித்தேன். ஒரு கட்டையையே ஏற்றுக்கொள்ளாத மனிதர் என்னை எப்படி ஏற்றுக்கொள்வார்?

கழுத்து வாங்குவதற்கும் எனக்கு அந்த விவரம் வேண்டியிருந்தது. கிட்டார் செய்கிற ஒவ்வொரு கம்பெனியும் கழுத்துக் குழியை ஒவ்வொரு அளவில் போடுகிறது. ஆகவே ஃபோனில் படம் பிடித்து, கிட்டார் பைத்தியங்கள் கூடுகிற ஒரு வெளிநாட்டு குரூப்பில் போட்டேன். அளவெடு, ஓட்டையைப் படம் பிடி, எடை போடு என்று ஆளாளுக்கு வேலை வைத்தார்கள். எடை போட உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தேன். அது ஈ உட்கார்ந்ததாகக்கூட நினைக்கவில்லை. ஒருத்தர் ஜப்பான் என்றார். இன்னொருத்தர் கொரியா என்றார். இரண்டு பேரும் என் கட்டையை மறந்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தன் வந்து, குழியெல்லாம் கோணலாக இருக்கிறது, இதை யாரோ வீட்டில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள் என்று எழுதினான். என் அமெரிக்காவை அப்படிச் சொல்லலாமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி அவனுக்கு ஒரு பதில் போட்டேன். குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவள் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். அப்பா கட்டையை நக்கிய கதையைச் சொன்னேன். எனக்கு எரிகிறது, அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஊர்ல எது உப்புக் கரிக்கலை? எங்கப்பா மூக்குக் கண்ணாடியை நக்கினாலும் கரிக்கும். அதுவும் கப்பல்ல வந்துச்சா?" என்றாள்.

அட, ஆமாம்! கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம், நடுவில் என் கடை. அந்தச் சுவரில் அது எத்தனை நாளாகத் தொங்குகிறது! சந்தேகம் தீரட்டும் என்று கத்திரிக்கோல் பிடியை நக்கிப் பார்த்தேன். கரித்தது. கல்லாப் பெட்டி மூடி, கரித்தது. கதவுத் தாழ்ப்பாளில் நாக்கை வைத்திருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், ஒரு கஸ்டமர் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரலாமா வேண்டாமா என்பது அவர் யோசனை. வார்னிஷ் வாடை பையனுக்குத் தலைக்கேறிவிட்டது என்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சானது.

அவளோ இதோடு விடவில்லை. மேலே நக்கினால் ஊர்க் காற்றுதான் தெரியும், உள்ளே பார் என்றாள். கட்டையின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே பெயிண்ட் படாத வெறும் மரம். பிளேடால் சுரண்டினேன். தூள் அவள் உள்ளங்கையில் விழுந்தது. எவ்வளவு பேசினாலும் உப்பளத்துக்காரர் பெண் இல்லையா, தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள். முகம் அஷ்டகோணலானது.

"கசக்குது."

நானும் வைத்துப் பார்த்தேன். குச்சி ஒடித்துப் பல் விளக்கி வளர்ந்தவனுக்கு அந்தக் கசப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேம்பு. சுத்தமான நம்மூர் வேப்பமரம்.

"அமெரிக்காக்காரன் வேப்பங்கட்டையிலயா கிட்டார் செய்யறான்?" என்று கேட்டாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? எத்தனை நாள் அந்தக் கட்டையைப் பார்த்து, அது எந்த ஊர் மேடையில் யார் தோளில் தொங்கியதோ என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவள் கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தாள். பிறகு, அப்பாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். அமெரிக்கா என்று சொன்னவன் ஒன்று பொய்யனாக இருக்க வேண்டும், இல்லை ஏமாளியாக இருக்க வேண்டும், இரண்டில் எது என்று கேட்பாரே என்றேன்.

"ரெண்டுல எது?"

"ஏமாளிதான்."

"அது எங்கப்பாவுக்கு எப்பவோ தெரியும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் பொய் என்று எனக்கே தெரியாத பொய். அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஆனால் மறுநாள் காலையில் அவள் அப்பா வந்து நின்ற மாதிரி சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. வேம்பு என்றால் கடலில் வந்ததில்லை, நம் பக்கத்து மரம், நம் பக்கத்து மரமென்றால் ஊர் கண்டுபிடித்துவிடலாம் என்றார். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணையை என்னை நம்பி விடவும் தயாராயில்லை. கட்டையை உப்புச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்து, மொபெட்டின் பின்னால் என்னை உட்காரச் சொன்னார். கூனிமேட்டில் ஒரு டீ. அங்கே நின்றவர்களிடமெல்லாம் சாக்கை விலக்கிக் கட்டையைக் காட்டினார். அவசியமே இல்லை, ஆனால் அவரைத் தடுக்க முடியுமா?

பொம்மையார்பாளையத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அசடு வழிந்தார். அமெரிக்கா என்று சொன்னால்தான் எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் விறகுக்குக்கூட யாரும் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணிப் போனபோது ஒரு கட்டிலோடு சேர்ந்து வந்த கட்டை அது. அந்தக் கட்டிலைச் செய்த ஆசாரியே பிறகு கடைக்கு வந்து, தான் செய்த கட்டிலைத் தானே பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனாராம். அவருடைய ஊர் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும், வழி சொன்னார்.

அந்த ஊருக்குப் போனதும் ஆசாரி வீட்டைக் கேட்டு நேராகப் போய்விடலாம் என்றேன் நான். அவள் அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நேராக வீட்டுக்குப் போனால் அவன் தன்னைப் பற்றி நல்லதாகத்தானே சொல்வான்? முதலில் டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, ஆசாரி எப்படிப்பட்டவர், குடி கிடி உண்டா, சொன்ன தேதிக்கு வேலையை முடிப்பாரா, வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே இருந்தது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றியிருந்தால் பரவாயில்லை. பெஞ்சிலிருந்த ஒருத்தர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்ததை நான் கவனித்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி வீட்டு வாசல் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் சேர். ஆசாரி வெள்ளைச் சட்டையில் கைகூப்பி வரவேற்றார். அவர் சம்சாரம் மிக்சரும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். உள்ளிருந்து அவர்களுடைய மகன், கசங்காத சட்டை, படிய வாரிய தலை, நிறைய பவுடர், வந்து வணக்கம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றான். என்னைப் பெண்ணின் அண்ணன் என்று முடிவுகட்டி, மச்சான் சாப்பிடுங்க என்று மிக்சரை என் பக்கம் தள்ளினான்.

அவள் அப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. மூஞ்சியில் ஈயாடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் முழங்காலைத் தட்டினார். நான் சாக்கைப் பிரித்து, சிவப்புக் கட்டையை எடுத்து மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தோம் என்றேன்.

ஆசாரியின் சம்சாரம் வந்து மிக்சர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பையன் அம்மா பின்னாலேயே போய்விட்டான். ஆசாரி மட்டும் எரிச்சலோடு கட்டையைப் புரட்டினார். புரட்டியவர் நிறுத்தினார்.

"இது நான் செஞ்சதாச்சே."

கட்டில் செய்யச் சொன்ன அதே வெளிநாட்டுக்காரர் அட்டையில் ஒரு வடிவம் வெட்டிக்கொண்டு வந்தாராம். பாஷை புரியவில்லை. ஸ்டூலுக்கு உட்காரும் பலகை என்று இவராக முடிவு பண்ணி, நாலு காலும் சீவி வைத்துவிட்டார். அந்த ஆள் காலை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பலகையில் தானே கோணல்மாணலாகக் குழி தோண்டிச் சிவப்படித்துக் கெடுத்துவிட்டதாக ஆசாரிக்கு இன்னும் ஆத்திரம். நாலு காலையும் உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார். இதற்கு ஒரு கழுத்து செய்து தருவீர்களா என்று கேட்டேன். காலென்றால் இருக்கிறது, கழுத்துக்கு வேறு ஆளைப் பார் என்றார்.

மரம் எது என்று கேட்டார் அவள் அப்பா. ஆசாரி வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். புயலில் சாய்ந்த வேப்பமரத்தின் அடிக்கட்டை. பக்கவாட்டில் புதுசாகத் துளிர்த்து ஆள் உயரம் நின்றது. அவள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பத்திரம் பதிந்து வாங்கிய ஆள்கூட அவ்வளவு நிம்மதியாக இருக்க மாட்டார்.

திரும்பும்போது ரொம்பப் பேசினார். கழுவெளி ஏரி ஓரம் மொபெட்டை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு, "பாத்தியா? எந்தப் பொருளா இருந்தாலும் நாலு பேரைக் கேட்டா ஊரு தெரிஞ்சிடும்பா" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. மடியில் அந்தக் கட்டை. அதற்கு ஊர் இருக்கிறது, செய்த ஆள் இருக்கிறார், நின்ற இடத்தில் துளிர்கூட விட்டிருக்கிறது. இறங்கி ரோட்டில் நின்றுகொண்டேன்.

"என்னோடது தெரியாதுங்க. எங்கப்பா லாரியில வந்தாரு. எங்க ஏறினாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. எங்கம்மாவுக்கு அவங்களைப் பெத்தது யாருன்னே தெரியாது. நீங்க எத்தனை டீக்கடையில உக்காந்தாலும் எனக்குச் சொல்ல ஒரு ஆளு கிடைக்க மாட்டான். கட்டையைக் கேக்கறதை வுட்டுட்டு அன்னிக்கே என்னை வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

கத்திவிட்டேன். ரோட்டில் போன ஒரு பஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் அப்பா மொபெட்டை மிதித்துக் கிளப்பி, பின்சீட்டைக் கையால் துடைத்து, ஏறு என்பது போலத் தலையாட்டினார். மரக்காணம் வரை வாயைத் திறக்கவில்லை. என்னைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

முடிந்தது என்று அவளுக்கு ஃபோன் பண்ணினேன். அப்பா வந்ததிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். பெரியப்பா காதுக்கு விஷயம் போய்விட்டது, வெள்ளிக்கிழமை அவரே மரக்காணம் வந்து என்னைப் பற்றி விசாரிக்கப் போகிறார், அவர் வேண்டாம் என்றால் அப்பாவால் மீற முடியாது. யாரை விசாரிப்பார் என்று கேட்டேன். அவள் அழுதாள். மோட்டாரைப் பற்றி உண்மை சொன்ன நாளிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கியபோது எதிர் டீக்கடை பெஞ்சில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். உப்பு வாருகிற நேரத்தில் அளத்தை விட்டு அசையாதவர். சலவைச் சட்டை போட்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. பேப்பரைப் பிரித்தார், மடித்தார், ஒரு டீ குடித்தார், இன்னொன்று சொன்னார். நான் ஒரு காயிலைச் சுற்ற ஆரம்பித்தேன்.

வெயில் ஏறும்போது பஸ்ஸிலிருந்து தோளில் துண்டோடு ஒரு பெரியவர் இறங்கினார். தம்பியை அச்சில் வார்த்த மாதிரி முகம். முறைப்படி என் கடைப்பக்கம் தலைகூடத் திருப்பாமல் டீக்கடைக்கு நடந்தார். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நீ இங்க என்னடா பண்ற?"

"நீ எதுக்குண்ணே வந்த?"

"எதிர்க்க இருக்கிற பையனைப் பத்தி விசாரிக்க வந்தேன்."

"கேளு."

"உன்னைக் கேக்கறதுக்காடா பஸ் ஏறி வந்தேன்? பொண்ணைப் பெத்தவன் நீ. ஊர்ல நாலு பேரைக் கேக்கணும்."

"நான் இந்த ஊரு ஆளுதானே. அவன் கடைக்கு வர்றவன். என்னைக் கேட்டா என்ன?"

பெரியவர் டீக்கடைக்காரரைப் பார்த்தார், அவர் டீ ஆற்றுவதில் மும்முரமாக இருந்தார். வேறு வழியில்லாமல், நின்றுகொண்டே தன் தம்பியை அன்னியரைக் கேட்பது போலக் கேட்க ஆரம்பித்தார். குடி உண்டா என்றார். இல்லை என்றார் இவர். தொழில் எப்படி என்றார். நல்ல வேலைக்காரன், ஆனால் கோபக்காரன், வாயும் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது.

"பூர்வீகம்?"

என் கை நின்றுவிட்டது.

அவள் அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "இதான்."

"இதான்னா?"

"மரக்காணம்தான்."

"அதுக்கு முன்னாடிடா. அவன் ஆளுங்க யாரு? அவனுக்குன்னு யாரு இருக்கா?"

"நான் இருக்கறேன்" என்றார். "இனிமே அவனைப் பத்தி யாருக்கு எது கேக்கணும்னாலும் என்கிட்டதான் வந்து கேக்கணும்."

பெரியவர் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமோ. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, பெஞ்சைத் தட்டிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்கும் ஒரு டீ சொல்லும்படி சொன்னார்.

நான் அழுதுவிட்டேன். கடைக்குள் ஆள் இருக்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த காயிலில் எத்தனை சுற்று போட்டேன் என்ற கணக்கும் விட்டுப்போனது. அதை முழுசாகப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியிருந்தது.